சந்தா

எங்கள் ஊரில் தீயணைக்கப் போகிறவனுக்குச் சம்பளம் கிடையாது.
மாதாமாதம் அவன்தான் சந்தா கட்ட வேண்டும்.
வல்பராய்சோவில் இதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.
வெளியூர்க்காரர்கள் மட்டும் இன்னொரு முறை கேட்பார்கள்.

அப்பாவின் சந்தா தேயிலை டப்பாவில் இருந்தது.
நிவேஸுக்குப் பள்ளிக் காலணி வாங்க வேண்டிய மார்ச்சில்
அம்மா அதைத் திறந்தாள்,
எண்ணினாள்,
மூடிவைத்தாள்.
மூடியை அழுத்திய சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்.

பகலில் அவர் சுங்கக் கிடங்கில் எழுத்தர்.
நல்லவளாக இரு, நாலு பேருக்கு உதவு என்றெல்லாம்
எவாரிஸ்டோ ஒருநாளும் சொன்னதில்லை.
வீட்டுச் சட்டங்கள் வேறு மாதிரி.
கதவுக்குப் பின்னால் எதையும் வைக்காதே.
காலணியின் மூக்கு வாசலைப் பார்க்கட்டும்.
சங்கு ஊதினால் எதுவும் கேட்காதே,
திரும்பி வந்த பிறகு கேள்.

திரும்பி வரும்போது பெரும்பாலும் நாங்கள் தூங்கியிருப்போம்.
மூடிவைத்த தட்டில் பீன்ஸ் போல
கேள்விகள் இரவோடு இரவாக ஊசிப்போகும்.

என் ஒன்பதாவது பிறந்தநாளில்
மெழுகுவர்த்திகளை ஊத நான் மூச்சை இழுத்த நொடி
யூகலிப்டஸ் சரிவில் தகர வீடுகள் பற்றிக்கொண்டன.
நாற்காலி பின்னால் நகர்ந்தது. கதவு.
நான் ஊதினேன். ஒன்பது தீயும் அணைந்தது.
யாரோ ஒருத்தியின் தையல் இயந்திரத்தைத் தோளில் சுமந்து
அப்பா நூற்று அறுபத்து மூன்று படி இறங்கினாராம்.
மறுநாள் ரொட்டிக் கடையில் எல்லோரும் அதையே பேசினார்கள்.
எனக்குக் கோபம் அந்தத் தையல் இயந்திரத்தின் மேல்.
இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அதே மேசை, அதே சங்கு.
நிவேஸ் இப்போது சங்கு கேட்டால்
தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறாள்.
அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.
பிளந்த காலணிக்குள் அட்டையை வெட்டி வைத்து
ஒரு மழைக்காலம் முழுக்கப் பள்ளிக்குப் போனவள் அவள்.

நான் சாண்டியாகோவுக்கு ஓடிவந்தேன்.
பதினோராவது மாடி, கணக்காளர் வேலை,
பக்கத்து வீட்டுப் பெயர்கூடத் தெரியாத நிம்மதி.
மகன் அமாரோவிடம்
தாத்தா கிடங்கில் எழுத்தர் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

போன செவ்வாய், இரவு எட்டரை.
சோள அடையை அடுப்பிலிருந்து இறக்கியிருந்தேன்.
கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, என்று
அமாரோ ஆரம்பித்தான்.
கட்டடத்தின் அபாயமணி.

அதன்பிறகு எனக்கு நினைவிருப்பது ஆறாவது மாடிதான்.
உள்ளங்கை சிவக்கக் கதவுகளை அறைந்துகொண்டிருந்தேன்.
நிறைமாத ஹெய்ட்டிக்காரி ஒருத்தி
என் தோளைப் பிடித்துப் படி இறங்கினாள்,
அவள் மொழியில் ஏதோ எண்ணிக்கொண்டே.
குனிந்து பார்த்தால் என் காலில் காலணி.
எப்போது மாட்டினேன்?
இத்தனை வருடமும் அது வாசலைப் பார்த்தே நின்றிருக்கிறது,
நான்தான் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் எவனோ ஒரு மாணவன் ரொட்டியைக் கருக்கியிருந்தான்.
அவ்வளவுதான்.
ஈரத் துண்டை விசிறிக்கொண்டே
எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான், பாவம்.

மேலே வந்தபோது
அமாரோ மேசையிலேயே இருந்தான்.
என் பங்கையும் சேர்த்துத் தின்று முடித்திருந்தான்.
"கீழே ஓடச் சொன்னேனே?"
"யாரிடம்?"

சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.
இப்போதும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன்.

கணக்கு வாத்தியார் உன்னைப் பார்த்து என்ன சொன்னார், என்றேன்.
"ஒன்றுமில்லை" என்றான்,
என் குரலில், என் ஒன்பது வயதில்.

பல் துலக்கினான். படுக்கப் போனவன் திரும்பிவந்து
பால்கனியில் இருந்த தன் சைக்கிளை உருட்டி
வாசற்கதவுக்குக் குறுக்கே நிறுத்தினான்.
பூட்டும் போட்டான்.

நள்ளிரவில் எழுந்தேன்.
சாவி எங்கே வைப்பான் என்று எனக்குத் தெரியும்.
இருட்டில், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி,
காலணியின் மூக்கு முன்சக்கரத்தில் இடிக்க
வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.